எதிர்தரப்புக்குப் போன செய்தி

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருக்கிறது. இரண்டு மேஜை, நான்கு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர். மற்ற வக்கீல் அலுவலகங்களில் கூரையை முட்டுகிற மாதிரி அடுக்கியிருக்கும் காகிதக் கட்டுகள் இங்கே மருந்துக்கும் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. முதல்முறை வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, "இது வக்கீல் ஆபீஸ்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

இங்கே வருவதற்குமுன் பதினான்கு வருஷம் அவள் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருந்தாள். அவருக்கு எல்லாமே ஒரு சிவப்பு டைரி. வழக்குத் தேதி டைரியில் இருக்கும், டைரி அவர் கக்கத்தில் இருக்கும். கட்சிக்காரர்கள் வராந்தாவில் கால் கடுக்க நின்று, "ஐயா, நம்ம வழக்கு என்னைக்கு வருது?" என்று கேட்பார்கள். "வரும்போது சொல்றேன், போங்க" என்பார். சொல்ல மறந்துவிடுவார். அந்த வராந்தா முகங்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனம் கசந்துபோனது. நாற்பத்திரண்டு வயதில் தனியாக வந்துவிட்டாள். "கோர்ட்டுல உன் கம்ப்யூட்டரா வந்து வாதாடப் போகுது?" என்று சிரித்து வழியனுப்பினார் சீனியர்.

அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள அவள் கணவரின் அக்கா வந்து சேர்ந்தாள். அண்ணி டெலிபோன் ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எதிராளி காதில் போனை வைப்பதற்குள் பாதி விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுவாள். கம்ப்யூட்டரை மட்டும் நம்பமாட்டாள். "அது இன்னைக்கு என்ன சொல்லுது?" என்று ஓரகத்தியைப் பற்றி விசாரிக்கிற குரலில் கேட்பாள்.

முதல் வழக்கு ஒரு தையல்காரம்மாவுடையது. அவள் கடையின் பின்பக்கச் சந்தில் அடுத்த கடைக்காரர், பெயிண்ட் விற்கிறவர், இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். துணி மூட்டையை எல்லாம் அவள் தெருவைச் சுற்றித் தூக்கிவர வேண்டியிருந்தது. ஒரு வருஷமாக வழக்கு நடக்கிறது என்று சொல்லக்கூடாது, படுத்திருக்கிறது. பெயிண்ட் கடைக்காரர் ஒருமுறைகூட வரவில்லை. அவருடைய வக்கீல் ஆறு தடவை வாய்தா வாங்கிவிட்டார். அந்த வக்கீல் வேறு யாருமில்லை, நம்ம சிவப்பு டைரிதான்.

ஏழாவது தேதிக்கு முந்தின நாள்தான், தேதியைத் தானாகவே கட்சிக்காரர் போனுக்கு அனுப்புகிற வசதியை வக்கீலம்மா போட்டாள். செய்தியை அவளே உட்கார்ந்து எழுதினாள். 'வணக்கம். உங்கள் வழக்கு நாளை காலை பத்தரை மணிக்கு மூன்றாவது கோர்ட்டில் வருகிறது. அசல் பத்திரங்களைக் கொண்டு வாருங்கள்.' கொஞ்சம் யோசித்தாள். வராந்தா ஞாபகம் வந்தது. 'பயப்படாதீர்கள், நாங்கள் கூட இருக்கிறோம்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பதில் வந்திருந்தது. 'ரொம்ப நன்றிங்க. கண்டிப்பா வந்துடறேன்.' அனுப்பியவர் பெயிண்ட் கடைக்காரர்.

வக்கீலம்மா செய்தி போன நம்பர்களைத் திறந்து பார்த்தாள். சிவப்பு டைரியில் இரண்டு தரப்பின் பெயரையும் நம்பரையும் ஒரே வரியில் எழுதித்தான் பதினான்கு வருஷப் பழக்கம். இங்கேயும் கை பழக்கத்தில் அப்படியே தட்டிவிட்டாள். கம்ப்யூட்டர் இரண்டு தரப்புக்கும் கும்பிடு போட்டுவிட்டது. எதிர்தரப்பு ஆளிடம் அவருடைய வக்கீலுக்குத் தெரியாமல் பேசுவது தொழிலில் பெரிய குற்றம். புகார் போனால் கறுப்பு அங்கியே போய்விடும்.

"பேசாம இரு. அவரா வந்து காட்டிக் கொடுக்கப் போறாரு?" என்றாள் அண்ணி.

"மறைச்சா தப்பு ரெண்டாயிடும் அண்ணி."

சீனியருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் தையத்தக்கா என்று குதித்தார். "என் கட்சிக்காரன்கிட்ட நீ பேசுவியா? புகார் எழுதிக் கொடுக்கறேன், உன் அங்கியைக் கழட்ட வைக்கிறேன், பாரு!" பிறகு டைரியின் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. "ஆமா... இன்னைக்கா வருது?"

"ஆமா சார். மூணாவது கோர்ட்டு, பத்தரைக்கு."

கோர்ட்டில் பேர் கூப்பிட்டதும் முதல் வேலையாக எழுந்து நின்று தன் தப்பை நீதிபதியிடம் சொன்னாள். சீனியர் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு ஆட்சேபணைக்கு எழுந்தார். அதற்குள் பின்வரிசையிலிருந்து பெயிண்ட் கடைக்காரர், மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி முன்னால் வந்துவிட்டார்.

"அந்தம்மாவை ஒண்ணும் சொல்லிடாதீங்கம்மா. ஒரு வருஷமா என் வழக்கு என்னைக்குன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலை. கோர்ட்டுன்னாலே எனக்கு உதறல். கூட இருக்கோம்னு போட்டிருந்துச்சு. அதைப் பார்த்துத்தான் தைரியமா வந்தேன்."

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "சரி, கேட்டை ஏன் பூட்டினீங்க?"

"திருட்டு பயம்மா. இவங்க சாவி கேட்டா குடுத்திருப்பேன். நேரா நோட்டீஸ் வந்துச்சு, பயந்துட்டேன்." பைக்குள் கையை விட்டுத் துழாவி, பத்திரங்களுக்கு அடியிலிருந்து ஒரு சாவியை எடுத்துத் தையல்காரம்மாவிடம் நீட்டினார். "ரெண்டு சாவி இருக்கு. ஒண்ணை நீங்களே வச்சுக்குங்க."

தையல்காரம்மா சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒரு வருஷ வழக்கு பத்து நிமிஷத்தில் சமாதானமாக முடிந்தது. தப்பைத் தானாகவே ஒத்துக்கொண்டதால், இனி கவனமாக இருக்கச் சொல்லி வக்கீலம்மாவை விட்டுவிட்டார் நீதிபதி. வெளியே வந்தவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

வராந்தாவில் சீனியர் டைரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். புகாரைப் பற்றி மூச்சே விடவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, "எதிர்தரப்பு வக்கீலுக்குத் தேதி சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"இல்லை சார்."

"அப்ப என் நம்பரையும் அதுல போட்டு வை."

மத்தியானம் அண்ணியே உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அந்த நம்பரை ஏற்றினாள். "ஏம்மா, இவருக்குப் போறதுல அந்தக் கடைசி வரியை எடுத்துடலாமா?"

"இருக்கட்டும் அண்ணி" என்றாள் வக்கீலம்மா. "அவருக்கும் இதுவரைக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."