நிகினாவின் போர்வைகள்

கிஜ்துவான் ஊரில் பீபிசோரா ரொட்டி சுடும் நாளில் பக்கத்து வீட்டு விதவை ஹயித்குலைச் சுவருக்கு மேலாகக் கூப்பிடுவாள். "அடுப்புச் சூடு வீணாப் போகுது அக்கா, உங்க மாவையும் கொண்டு வந்து அப்பிக்கோங்க." ஹயித்குலின் மாவு கையளவுதான் இருக்கும். அவள் தந்தூர் அடுப்புக்குள் குனிந்திருக்கும்போது பீபிசோரா தன் ரொட்டிகளில் சிலவற்றை அவள் துணிக்குள் மடித்து வைத்துவிடுவாள். கணவர் எர்காஷுக்குக்கூட இது தெரியாது.

எர்காஷ் கெட்டவர் இல்லை. பருத்தி ஆலை வேலை முடிந்தபின் தர்காவில் போய் உட்கார ஆரம்பித்தார். உலகப் பற்றை விட்டவனே அல்லாஹ்வுக்கு நெருக்கமானவன் என்று இமாம் ஒருநாள் சொன்னது அவர் நெஞ்சில் தைத்துவிட்டது. இறைச்சியை விட்டார், சர்க்கரையை விட்டார். எர்காஷ் பெரிய துறவியாகிவிட்டார் என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சை மட்டும் அவரால் விட முடியவில்லை.

குளிர் இறங்கிய ஒரு வெள்ளிக்கிழமை பீபிசோரா சந்தையிலிருந்து திரும்பியபோது சீதனப் பெட்டியின் மேல் உத்தரம் வரை அடுக்கியிருந்த பஞ்சுப் போர்வைகளைக் காணவில்லை. எல்லாம் மகள் நிகினாவின் கல்யாணப் போர்வைகள். அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார்கள். வெறும் பெட்டியைக் கண்டால் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

நிகினா சுவரோரம் அழுதுகொண்டிருந்தாள். "அத்தா வண்டியில ஏத்திக்கிட்டு, ஏழைங்க தங்குற தர்கா விடுதிக்குப் போயிட்டாரும்மா. நமக்கெதுக்கு இந்த உலகம்னு சொன்னாரு."

பீபிசோராவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊரான் வயலில் பருத்தி பொறுக்கி, கூலிக்குப் பதில் பஞ்சு வாங்கி, கண் மங்கத் தைத்தவை. மூலையில் ஒரே ஒரு போர்வை சுருட்டிக் கிடந்தது. ஒட்டக ரோமம் வைத்தது, எர்காஷுடையது. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

விடுதியில் ஆண்கள் பச்சைத் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். இமாம் எர்காஷுக்காக துஆ கேட்கக் கையேந்தியிருந்தார். வாசலில் அவளைக் கண்டதும், "வாம்மா, உன் வீட்டுக்காரர் பெரிய காரியம் பண்ணியிருக்காரு" என்றார்.

"பண்ணினது நான், ஹஜ்ரத். அவர் வண்டியைத் தள்ளினாரு, அவ்வளவுதான்."

சிரிப்பை அடக்கிய ஒருவரின் மடியில் தேநீர் சிந்தியது.

"நிகினா அம்மா, வீட்டுக்குப் போ" என்றார் எர்காஷ் மெதுவாக. "நாலு பேரு முன்னாடி..."

"நாலு பேரு முன்னாடிதானே கொடுத்தீங்க? அவங்க முன்னாடியே கேக்கறேன். உலகத்தை விட்டேன்னு சொல்றீங்களே, யாரோட உலகத்தை விட்டீங்க? எம்பொண்ணோடதையா?"

"மனசு எதுலயும் ஒட்டக் கூடாதுன்னுதான்..."

"உங்க மனசு எதுல ஒட்டிக்கிட்டிருக்குன்னு கொண்டாந்திருக்கேன்." ஒட்டக ரோமப் போர்வையை அவர் காலடியில் போட்டாள். "முழங்கால் வலி இதை மட்டும் மறக்க வெச்சிருச்சு போல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. இமாம் ஏந்திய கைகளை இறக்கினார். "வீட்டுல கேட்டுத்தான் கொடுத்தியா எர்காஷ்?"

"இல்ல ஹஜ்ரத்."

"அப்ப இது தானமே இல்லப்பா. நானும் கேக்காம வாங்கிட்டேன். அந்தத் தப்பு என்னோடது. வண்டியில ஏத்து."

எர்காஷ் தானே எல்லாவற்றையும் ஏற்றி, தெருவெல்லாம் பார்க்க இழுத்து வந்தார். ஒட்டக ரோமப் போர்வை விடுதியிலேயே தங்கிவிட்டது. நிகினாவின் கல்யாணம் நடந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் தன் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு படுத்தார். பாவம் என்று பீபிசோரா இன்னொன்று தைத்துக் கொடுக்கவில்லை. அவள் கோபம் ஆற வசந்தம் வரவேண்டியிருந்தது. ஊர் அவரைத் துறவி என்று சொல்வதை நிறுத்தியது. அதற்குப் பிறகுதான் அவர் சிலவற்றை உண்மையாகவே விட்டார். அவை என்னவென்று யாருக்கும் சொல்லவில்லை.

சில ஆண்டுகள் கழித்து பீபிசோரா எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். எர்காஷ் போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"நான் போனதும் இந்தப் போர்வையோட உறையைத் துவைச்சு மாட்டி, போர்வையை ஹயித்குல் அக்கா வீட்டுச் சுவர் மேல போட்டுட்டு வந்துடுங்க. இது என்னோடது. நானே கொடுக்கறேன்."

அவர் தலையசைத்தார். அது அவளுக்குப் போதவில்லை. மூடிய கண்ணைத் திறந்து, பழைய கோபத்தோடு பார்த்தாள்.

"போட்டது யாருன்னு வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க."