கொலோனில் ஓர் இளைஞர்

கொலோன் ரயில் நிலையத்தில் பேக்கரி வாசலில் நின்றபடியே காப்பி குடிக்கிறேன். பக்கத்தில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். தலை மைக்கறுப்பு, மீசைக்குச் சாயம் போதவில்லை போலிருக்கிறது. அவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடிவிட்டதாம். இன்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் டெர்மின்; வரச்சொல்லி நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

“அங்கை போனா, ‘உங்களுக்கு இன்னும் வயசிருக்கு, வேலை தேடுங்கோ’ எண்டுகினம். தேடிப்போனா, ‘வயசு போயிட்டுது’ எண்டுகினம்.”

யார் சொல்வது சரி என்று கேட்கிறேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு என் பக்கம் குனிகிறார்.

“ரெண்டும் சரிதான் தம்பி. நான் அகதியா வந்து இறங்கேக்கை, ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போட்டிலை எனக்கு ஆறு வயசு குறைவு. அதுவே பதிவாப் போச்சு.”

கடைக் கண்ணாடியில் பார்த்துத் தலையைச் சீவிக்கொள்கிறார்.

“பென்சன் வருமட்டும், ஏலாட்டியும் நான் இளமையா இருக்கத்தான் வேணும்.”