கரண்டு ஆஸ்பத்திரி நிறுத்தம்

எங்கள் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சைக்குக் "கரண்டு வைக்கிறது" என்றுதான் பேர். அதனால் ராமநாதபுரத்தில் நான் போய்வந்த அரசுப் புற்றுநோய் மருத்துவமனையும் எல்லோருக்கும் கரண்டு ஆஸ்பத்திரி. மார்பில் கட்டியை எடுத்த பிறகு எனக்கு இருபத்தைந்து நாள் கரண்டு எழுதிக் கொடுத்தார்கள். ஆர்.எஸ்.மங்கலத்தில் பஸ் ஏறுவேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம்தான், ஆனால் இறங்குமிடத்தைச் சொல்லியாக வேண்டுமே! கண்மாய்த் தண்ணீருக்காக நாலு பேரை நடுத்தெருவில் நிறுத்திச் சண்டை போட்டவள் நான். எனக்கே அந்தப் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த நிறுத்தமான ஜவுளிக்கடையைச் சொல்லி இறங்கி, வேகாத வெயிலில் திரும்பி நடப்பேன். தினமும் ஜவுளி எடுக்கிற சீமாட்டி என்று கண்டக்டர் நினைத்திருப்பார்.

ஆறாம் நாள் போனபோது வரிசையில் ஒரே சலசலப்பு. ஆஸ்பத்திரியைத் தனியாரிடம் கொடுக்கப்போகிறார்களாம், மாதக் கடைசியில் கரண்டு அறையைப் பூட்டிவிடுவார்களாம். எனக்கு இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி. இதை விட்டால் மதுரைதான், தினமும் போய்வர உடம்பு தாங்காது. அறுப்பு நேரத்தில் வயலை விட்டுவிட்டு அங்கே தங்கவும் வழியில்லை. பாதியில் விட்டால் என்னாகும் என்று டாக்டரிடம் கேட்டேன். "விடக் கூடாதும்மா" என்றார். வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு முந்தின டோக்கன், மண்டபத்தில் மீன் விற்கிற பெண். தொண்டையில் கட்டி. குரல் கரகரவென்றுதான் வரும், அதையும் சும்மா வைத்திருக்க மாட்டாள்.

"யக்கா, மூஞ்சியத் தொங்கப் போட்டா ஆச்சா? கலெக்டர்ட்ட மனுக் குடுப்பம்" என்றாள்.

மனு எழுதியது என் வீட்டுக்காரர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அந்தக் கர்வத்துக்கும் குறைச்சல் இல்லை. "அரசு தரும் கரண்டைத் தனியாரிடம் கொடுக்கக் கூடாது. கரண்டு பாதியில் நின்றால் என் மனைவி உயிருக்கு ஆபத்து" என்று எழுதினார். படித்துப் பார்த்தேன், எனக்கும் சரியாகத்தான் பட்டது. திங்கட்கிழமை மனுநாளில் கொடுத்துவிட்டு வந்தோம்.

வியாழக்கிழமை சாயங்காலம் மின்வாரியத்து லைன்மேன் ஏணியோடு வாசலில் வந்து நின்றார்.

"கரண்டு இல்லன்னு மனு வந்துருக்கு. உயிருக்கு ஆபத்துன்னு வேற போட்ருந்துச்சு, டீகூடக் குடிக்காம ஓடியாரேன். இங்கன என்னடான்னா ஃபேன் ஓடுது!"

எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஏய்யா, இது ஒங்க கரண்டு இல்லய்யா! ஒடம்புல வைக்கிற கரண்டு!" என்று கத்தினேன். அவர் திருதிருவென்று முழித்தார். கழுத்தோரம் கறுத்துக் கிடந்த தோலைக் காட்டினேன். மனுஷன் ஏணியைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுல அப்பிடி ஒண்ணும் எழுதலையேம்மா" என்று மனுவை நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆஸ்பத்திரி என்றோ நோய் என்றோ அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று நாங்களே விழுங்கியிருந்தோம். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த திங்கள், நர்சிடம் சரியான பேரெல்லாம் கேட்டு எழுதி, கரண்டு வரிசையில் இருந்த அத்தனை பேரும் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். அதிகாரி வாசித்தார். "ஆஸ்பத்திரிய அரசே நடத்தணும், கதிர்வீச்சு தொடரணும். அப்படித்தானே?"

மீன்காரி பதறிவிட்டாள். "அய்யய்யோ, கதிர்வீச்செல்லாம் வேணாங்கய்யா! அது ஊரையே அழிச்சுப்புடும்னு டிவில சொல்றாக. எங்களுக்குக் கரண்டு மட்டும் போதும்!"

அதிகாரி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவள், "பாதியில விட்றாதீகய்யா" என்றாள். குரல் உடைந்து காற்றாகத்தான் வந்தது. அதிகாரி மறுபடி பேனாவை எடுத்தார்.

மாதக் கடைசி வந்தது. அறையைப் பூட்டவில்லை. அரசே நடத்தும் என்று உத்தரவு வந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். நானும் மீன்காரியும் கட்டிப்பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதோம். இருபத்தைந்து நாளையும் முடித்தேன், அவளும் முடித்தாள்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வருகிறேன். போன தடவை கண்டக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "என்னம்மா, ஜவுளிக்கடையா?" என்றார்.

"ஜவுளிக்கடை கெடக்கு. கரண்டு ஆஸ்பத்திரி ஒண்ணு குடுங்க!" என்றேன், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.

பக்கத்து சீட்டில் தலையில் முக்காடு போட்டிருந்த பெண், ஏற்கனவே வாங்கிய ஜவுளிக்கடை டிக்கெட்டைக் கண்டக்டரிடம் நீட்டினாள்.

"அண்ணே, இத மாத்திக் குடுங்க. நானும் அங்கனதான் எறங்கணும்."