வெள்ளிக் கால் இன்னும் போடவில்லை

அம்பாளை நம்பி இருக்கும் உங்களுக்கு முதலில் என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் செய்த உதவி அதற்குள்தான் இருக்கிறது.

எனக்கு அறுபத்தெட்டு வயது. லண்டனில் குட்மேய்ஸில் மகளோடு இருக்கிறேன். ஐந்து வருடமாக முழங்கால் வலி. படி ஏறினால் உயிர் போய் வரும். டொக்டர் மோர்பின் குளிசை எழுதித் தந்தார். இந்த நாட்டில் அறுபது வயதானால் மருந்துக்குக் காசு கட்டத் தேவையில்லை. அதுதான் என் கண்ணை மறைத்தது. மாதாமாதம் மருந்து திரும்பக் கேட்கும் தாளில் எல்லாப் பெட்டியிலும் சரி போடுவேன். சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மிஞ்சியதை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்தேன். ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று நினைப்பு.

ஒன்றும் ஊருக்குப் போகவில்லை. ஒரு குளிசை இரண்டாயிற்று. வலியில்லாத நாளிலும் போட்டேன். போடாவிட்டால் வியர்க்கும், கை நடுங்கும், மகள் மீது எரிந்து விழுவேன். "வலியை எடு தாயே, வெள்ளியில் கால் செய்து போடுகிறேன்" என்று கோயிலில் நேர்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து குளிசை போடுவேன். எந்த முகத்தோடு கேட்டேனோ தெரியாது.

அடுத்த தெருவில் பரமேஸ் அக்கா தனியே இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் என் குசினியில் இருவரும் கோயிலுக்கு வடை சுடுவோம். போன தை மாதம் அவருக்கு இடுப்பு வலி. சிறுநீரகம் பழுது என்பதால் டொக்டர் கடும் மருந்து கொடுக்கவில்லை.

"அவையளுக்கு எங்கட நோவு விளங்காது அக்கா. இதைப் போடுங்கோ," என்று டின்னிலிருந்து நான்கு குளிசை கொடுத்தேன். உதவி செய்கிறேன் என்று பெருமை வேறு.

அடுத்த வெள்ளி மத்தியானம் வந்தவர், கதிரையில் இருந்தபடியே தூங்கினார். களைப்பு என்று நினைத்துத் தலையணை வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது உதடு நீலமாக இருந்தது. உலுக்கினேன். எழும்பவில்லை.

அம்புலன்சுக்கு அடித்தேன். என்ன மருந்து எடுத்தவர் என்று போனில் வந்த பெண் கேட்டாள். தெரியாது என்றேன். பொய். சொன்னால் மகளுக்குத் தெரியவரும், டின்னைப் பறித்துவிடுவாள். அக்கா மூச்சுக்குத் திணறும்போது நான் டின்னுக்குப் பயந்தேன்.

போனை மேசையில் போட்டுவிட்டு அம்பாள் படத்தடிக்கு ஓடினேன். அக்காவைத் தா, பொங்கல் வைக்கிறேன், பாற்குடம் எடுக்கிறேன் என்று அழுதேன். படத்திலிருந்து ஒரு குரலும் கேட்கவில்லை. மேசையில் கிடந்த போனிலிருந்து அந்தப் பெண் மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அங்கே இருக்கிறீர்களா, அங்கே இருக்கிறீர்களா என்று. தாய் கேட்டது பாற்குடம் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

போனை எடுத்தேன். குளிசையின் பெயர், நான்தான் கொடுத்தேன் என்பது, எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அம்புலன்சில் வந்தவர்கள் உடனே அந்தக் குளிசையை முறிக்கும் ஊசி ஏற்றினார்கள். சில நிமிடத்தில் அக்கா கண் திறந்தார்.

டின்னை நானே மகளின் கையில் கொடுத்தேன். அவள் மருந்துக் கடையில் ஒப்படைத்தாள். டொக்டர் என் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அந்த மாதங்களை எதிரிக்கும் கொடுக்க வேண்டாம். இன்னும் நாளுக்கு அரைக் குளிசை நிறுத்த மிச்சம் இருக்கிறது. முழங்கால் இப்போதும் நோகிறது. வெள்ளிக் கால் இன்னும் போடவில்லை.

அக்காவின் மகன் என் வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்று தன் தாயிடம் சொல்லிவிட்டான். அவனில் பிழை சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமைகளில் தனியே வடை சுட்டேன். சுடும்போதெல்லாம் அழுதேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு டின் இருக்கும். அதை ஒளித்துக்கொண்டு கும்பிடாதீர்கள். தாயிடம் உள்ளதைச் சொல்லுங்கள், பிறகு டொக்டரிடமும் சொல்லுங்கள். அவள் கைவிடமாட்டாள்.

போன வியாழன் போன் அடித்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு அக்காவின் குரல்.

"உழுந்து ஊறப் போட்டிட்டியோ?"

"இன்னும் இல்லை அக்கா."

"ரெண்டு பேர் சுடுற அளவுக்குப் போடு. நான் வாறன்."