திருத்தச் சீட்டு

நான் ரிவால்வரைத் தொட்டதே இல்லை. ஆனால் பழைய ராணுவ ரிவால்வரை எப்படிக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டுப் பூட்டுவது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தொழிற்சாலையில் முப்பது வருடம் இயந்திரப் படம் வரைந்தவன். ராணுவக் கையேடுகளில் ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துக் காட்டும் படங்களுக்காகவே அவற்றைச் சேர்க்க ஆரம்பித்தேன். கல்யாணம் செய்துகொள்ளாதவனுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு வேண்டாமா?

அந்தக் கிறுக்கைப் பொறுத்துக்கொண்ட ஒரே மனிதர் ஒரு கொள்ளேகால்காரர். ராணுவ ஆயுதக் கிடங்கில் கிளார்க்காக இருந்தவர். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பஸ் பிடித்து, இந்தக் கன்னட ஊரின் அக்ரஹாரத்தில் இருக்கும் என் மாடி அறைக்கு வருவார். மற்ற நாட்களில் பால்கடையில் கன்னடத்தில் "அர்தா லீட்டர் கொடி" என்று அரை லிட்டர் கேட்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். அவர் வந்தால்தான் எனக்குத் தொண்டை இருப்பதே ஞாபகம் வரும்.

ஒருமுறை தன் சொந்தக் கையேட்டை என்னிடம் விட்டுப்போனார். விதி மாறினால் ராணுவத்தில் புதுப் புத்தகம் அச்சடிப்பதில்லை. அச்சிட்ட ஒரு திருத்தச் சீட்டு வரும். கிளார்க் அதைப் பழைய வரிகளின் மேல் ஒட்டி, ஓரத்தில் கையெழுத்துப் போடுவார். இவர் புத்தகத்தில் அப்படி ஒரு சீட்டு இருந்தது. அடியில் என்ன இருக்கிறது என்ற அரிப்பு என்னை விடவில்லை. கெட்டிலில் வெந்நீர் வைத்து ஆவி காட்டினேன். அடியில் இருக்கும் பழைய வரியை அவருக்கும் காட்டி அசத்தலாம் என்று வேறு நினைப்பு.

சீட்டு நாலு துண்டாக வந்தது. ஓரத்துக் கையெழுத்து மை கரைந்து நீலத் திட்டாகிவிட்டது. அடியில் எண்ணெய் விடுவதைப் பற்றிய அதே வாக்கியம்தான், இரண்டு வார்த்தை வித்தியாசம்.

அடுத்த முறை வந்தவர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இதைப் பிச்சுப்போட்டீங்களா?"

"கீழ என்ன இருக்குன்னு பாக்கலாம்னுதான் சார்..."

"நான் ஒட்டுனதுங்க அது. வேலைக்குச் சேந்த மொத வாரம். அந்த ரிவால்வரெல்லாம் கழிச்சுப் போட்டப்ப, புஸ்தகத்தப் பெரிய ஆபீசர்கிட்டக் கேட்டு வாங்கியாந்தேன். அங்க இருந்த வருசத்துக்கு என் கையில மிச்சம் அந்தச் சீட்டு ஒண்ணுதானுங்க."

மன்னிப்புக் கேட்டேன். "அட, உடுங்க" என்றார். காபியை முழுவதும் குடித்தார். கிளம்பும்போது புத்தகத்தை என் மேசையிலேயே வைத்தார்.

"இனி நீங்களே வெச்சுக்கோங்க."

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் வரவில்லை. நான்தான் மானத்தை விட்டு போன் செய்தேன். மரியாதையாகவே பேசினார். முழங்கால் வலி, பஸ் ஏற முடியவில்லை என்றார்.

"புஸ்தகம் பத்திரமா இருக்குங்களா?" என்றார்.

இருக்கிறது என்றேன். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பார் என போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவர் வைத்துவிட்டிருந்தார்.