சவுண்டு சார் டிஸ்க் வாங்குகிறார்

ஓடிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்கில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடியிருந்தார் சவுண்டு சார். அந்த மாதத்தில் இது நான்காவது தடவை. கம்ப்யூட்டர் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பழகிவிட்டது.

"மூச்சு வாங்குது."

"சார், இப்பதான் பெட்டியைப் பிரிச்சேன். மூணு வருஷம் வாரண்டி."

"வாரண்டி டிஸ்க்குக்கு. உள்ள இருக்கறதுக்கு?"

கடைக்காரர் டிஸ்க்கைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

சினிமாவுக்குச் சத்தம் போட்டுக் கொடுப்பது சாரின் தொழில். திரையில் கதாநாயகன் சரளைக்கல்லில் நடந்தால், ஒலிப்பதிவுக் கூடத்தில் பழைய செருப்போடு நடப்பவர் இவர்தான். வில்லனுக்கு எலும்பு முறிந்தால் முள்ளங்கியை ஒடிப்பார். பன்னிரண்டு வருடம் சேர்த்த சத்தங்கள் எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில், ஒரே ஒரு கிழட்டு டிஸ்க்கில் கிடக்கின்றன. கதவு மூடும் சத்தம் மட்டுமே நானூற்றுப் பதினாறு. கோபத்தில் சாத்தும் கதவு தனி, கோபத்தை மறைத்துச் சாத்தும் கதவு தனி. இரண்டாவது வகை முழுக்க மனைவியின் உபயம். அந்த டிஸ்க் போனால் மனிதருக்குப் பிழைப்பே போச்சு. பயந்துபோய்த்தான் ஏழு மாதமாக நல்ல டிஸ்க்காகத் தேடுகிறார், தேடுகிறார், தேடிக்கொண்டே இருக்கிறார்.

இணையத்தில் நட்சத்திரத்தை அள்ளிக் கொடுப்பவர்களை அவர் மதிப்பதில்லை. "வாங்கின மூணாம் நாளே புகழறான். இவன் பேச்சை நம்பறதா?" திட்டி எழுதியவர்களை மட்டும் தேடிப் பிடித்து நோட்டில் குறித்துக்கொள்வார். திட்டு வாங்காத டிஸ்க் உலகத்திலேயே கிடையாதே! நோட்டு நிறைந்ததுதான் மிச்சம். உள்ளே எதுவும் சுழலாத புது வகை ஒன்றைக் கடைக்காரர் காட்டியபோது இரண்டடி பின்வாங்கிவிட்டார். "சத்தமே போடாம சாகற சாமானை வீட்ல வச்சுக்கிட்டு எப்படிங்க தூங்கறது?"

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவிக்கு இதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. "எது வாங்கினாலும் ஒருநாள் போகும்ங்க. ரெண்டு வாங்கி, ரெண்டுலயும் போட்டு வைங்க."

"ரெண்டு வாங்கினா ரெண்டு கவலை."

அடுத்த நாள் காலை அந்த அம்மாளே கடைக்குப் போய், பத்தே நிமிடத்தில் இரண்டு டிஸ்க் வாங்கி வந்து மேஜை மேல் வைத்தார். சார் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார்.

"தேங்காயா அது? கொடுங்க இப்படி!"

அந்த நேரம் பார்த்துத்தான் கிழட்டு டிஸ்க் டக்... டக்... டடக் என்றது.

"ஐயையோ, போகுதுங்க! முதல்ல காப்பி பண்ணுங்க!"

"உஷ்!"

சாரின் முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு சத்தம் அவரிடம் இல்லவே இல்லை. விழுந்தடித்துக்கொண்டு ஓடி மைக்கை எடுத்து வந்தார். மின்விசிறியை நிறுத்தினார். மனைவியை மூச்சுவிடக்கூடாது என்று சைகையாலேயே மிரட்டினார். முழுசாக நான்கு நிமிடம் பதிவு செய்து, பட்டனைத் தட்டிச் சேமித்தார். "அடடா, அற்புதம்!" என்று திரும்பும்போது டக் டக் நின்றுபோயிருந்தது. திரையும் இருண்டு கிடந்தது.

"எதுலங்க சேவ் பண்ணினீங்க?" என்றார் மனைவி, மெதுவாக.

சவுண்டு சார் ஆள்காட்டி விரலை மட்டும் மெல்ல நீட்டி, மேஜைக்கு அடியில் இருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டினார்.