காசிம் ராவுத்தரும் காட்டு வழிக் கிளையும்

திங்கட்கிழமை காலை நான் ரங்கூன் ரயில்வே சரக்கு ஆபீசில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது காசிம் ராவுத்தரின் தம்பி சுல்தான் வாசலில் வந்து நின்றார். கடை திறக்கிற நேரத்தில் பபேடான் கடைத்தெருவை விட்டு அசைகிற மனிதர் அல்ல அவர்.  “அண்ணன் விடியக்கால மௌத்தாயிட்டாக. சாயங்காலம் அஸர் தொழுதுட்டு அடக்கம். உங்க காட்டுக் கூட்டாளிகளுக்கெல்லாம் நீங்கதான் சொல்லணும்” என்றார்.  

காட்டுக் கூட்டாளிகள் என்று அவர் சொன்னது நம்மைத்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் இன்சேனைத் தாண்டி இறங்கி, லைசென்சுத் துப்பாக்கியோடு சர்க்கார் காட்டில் காட்டுக்கோழி தேடித் திரிகிற நம் சிறு கூட்டம். ஊருக்கு நாம் வேலையற்றவர்கள். வீட்டுக்காரிகளுக்கு அதைவிட மோசம். ஆனால் ராவுத்தரைத் தெரியாதவர் நம்மில் ஒருவரும் இல்லை. அவருக்காக இதை எழுதும்போது உங்களிடம் பேசுவதாகவே நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கும் அவருக்கும் அறிமுகம் ஆன விதம் உங்களில் பலருக்குத் தெரியாது. ஒரு மாசி மாதக் காலை. மூங்கில் புதருக்குள் உட்கார்ந்து, துண்டை மடித்துத் தொடையில் படபடவென்று தட்டினேன். சேவல் சிறகடிக்கிற சத்தம் அது. தன் எல்லைக்குள் வேறு சேவல் வந்துவிட்டதென்று காட்டுச்சேவல் சண்டைக்கு ஓடி வரும். அன்றும் எதிர்ப்புறத்திலிருந்து பதிலுக்குச் சிறகடித்தது. நான் தட்ட, அது தட்ட, சருகு நொறுங்காமல் இருவரும் நகர்ந்து நகர்ந்து நெருங்கினோம். என் வாழ்நாளில் அத்தனை ரோஷமான சேவலை நான் கண்டதில்லை. கடைசியில் புதருக்கு அந்தப் பக்கமிருந்து சேவல் நல்ல தமிழில் கேட்டது: “அங்கிட்டு ஆளா, கோழியா? ஆளுன்னா வாயத் தொறந்து சொல்லிருங்க!”

“ஆளுதான், ஆளுதான்!” என்று அலறினேன். துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றவர் காசிம் ராவுத்தர். இராமநாதபுரம் பக்கத்துக்காரர், பபேடானில் குடைக்கடை வைத்திருப்பவர் என்று அப்போதுதான் தெரிந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “காட்டுல இன்னொரு மனுசன் வாரான்னு தெரிஞ்சா கையக் கிய்ய ஆட்டக்கூடாது. விசில் அடிக்கக்கூடாது. மனுசக் குரல்ல பேசிறணும். கோழி போனாப் போகுது” என்றார். எனக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. ஆனாலும் அதைத் தகப்பன் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். நாங்கள் இருவரும் எவ்வளவு நெருங்கி வந்திருந்தோம் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அவரைப் பற்றிப் பேசும்போது கிளையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அந்தக் காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகள் குளக்கரையில்தான் பிரிகின்றன. முதலில் வந்தவர் ஒரு பச்சைக் கிளையை ஒடித்துத் தன் பாதையின் வாயில் குறுக்கே போட்டுவிட்டுப் போவார். அடுத்து வருகிறவர் வேறு பாதையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பும்போது கிளையை எடுத்து எறிந்துவிட வேண்டும். தமிழர், பர்மியர், கரேன்காரர், எஞ்சின் ஓட்டுகிற ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர் எல்லோருக்கும் அது பொது. யார் ஏற்படுத்தியது என்று தெரியாது. ராவுத்தர் அதைத் தொழுகை மாதிரி கடைப்பிடித்தார்.

ஒரு தடவை அவரும் நானும் போனபோது எங்கள் பாதையில் ஒரு கிளை கிடந்தது. இலையெல்லாம் சுருண்டு போயிருந்தது. முந்தின நாள் எவனோ போட்டுவிட்டு எடுக்க மறந்திருக்கிறான். அந்தப் பாதையில் ஒரு பெரிய சேவலை நாங்கள் வாரக்கணக்காகத் தொடர்ந்துகொண்டிருந்தோம். தாண்டிப் போவோம் என்றேன். அவர் குனிந்து இலையைத் தொட்டுப் பார்த்தார். “நேத்துப் போன ஆளு இன்னும் வரலேன்னா? உள்ள காலு கையி ஒடிஞ்சு கெடந்தா?” என்று கேட்டவர், “யாராச்சும் இருக்கீகளா? ஷிலா?” என்று தமிழிலும் பர்மியத்திலும் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டே உள்ளே நடந்தார். பாதை முடிகிற வரை கத்தினார். உள்ளே ஒருவரும் இல்லை. காட்டில் இருந்த கோழியெல்லாம் பெகூவுக்கே ஓடியிருக்கும். ரயிலில் திரும்பும்போது நான் அவரோடு பேசவில்லை. அவர் கவலைப்படாமல் வறுத்த கடலை வாங்கி என் மடியில் கொட்டினார்.

இனி அந்தக் கெட்ட நாளுக்கு வருகிறேன். அன்று ராவுத்தர் காட்டிலிருந்து சீக்கிரமே திரும்பக் கிளம்பிவிட்டார். கடைக்குச் சரக்கு வருவதாக இருந்தது. குளக்கரைக்கு வந்து தன் கிளையை எடுத்து எறிந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அவருக்குப் பின்னால், அந்தப் பாதையிலேயே, சேவல் கூவியது. வேட்டைக்காரன் மனசு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படியே திரும்பி உள்ளே ஓடினார். கிளையைத் திரும்பப் போட வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

சற்றுப் பின்னால் வந்தவர் கோ பாமாங். தின்கன்ஜூனில் மாட்டு வண்டிச் சக்கரம் செய்கிற தச்சர், நமக்கெல்லாம் பழக்கமானவர், அதிகம் பேசாதவர். கிளை இல்லாத பாதையைப் பார்த்து அதில் நுழைந்தார். புதருக்குள் சிறகடிக்கிற சத்தம் கேட்டது. செம்பழுப்பாக ஏதோ அசைந்தது. சுட்டுவிட்டார். அது ராவுத்தரின் துண்டு.

பக்கத்துப் பாதையில் இருந்த எனக்கு வெடிச்சத்தம் கேட்டது. அதன் பின்னால் கேட்ட குரல் ராவுத்தருடையது அல்ல, கோ பாமாங்குடையது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ராவுத்தரை முதுகில் தூக்கிக்கொண்டு, “அகோ, அகோ” என்று அழுதுகொண்டே அவர் வந்துகொண்டிருந்தார். அகோ என்றால் பர்மியத்தில் அண்ணன். ஸ்டேஷன் வரைக்கும் என்னிடம் மாற்றிக்கொடுக்க மறுத்துவிட்டார். ராவுத்தர் பிழைத்துக்கொண்டார். இடது கண் போய்விட்டது.

அதன் பிறகு நமக்குள் நடந்த பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது ரங்கூனில் நமக்கும் பர்மியருக்கும் இடையே பேச்சு வார்த்தை அவ்வளவு சரியாக இல்லாத காலம். “ஒரு பர்மாக்காரன் எங்க அண்ணன் கண்ணப் பறிச்சுட்டான். கும்புட்டு அனுப்பி வைக்கவா?” என்று சுல்தான் டீக்கடையில் குதித்தார். கோ பாமாங்கை ஜெயிலுக்கு அனுப்பாமல் விடுவதில்லை என்று நம்மில் பாதிப்பேர் அவரோடு சேர்ந்துகொண்டோம். கோ பாமாங்கின் துப்பாக்கியை ஏற்கெனவே போலீஸ் எடுத்துப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் வாங்க வந்த அன்று நானும் கட்டில் ஓரத்தில் இருந்தேன். தலை முழுவதும் கட்டுப் போட்டிருந்த ராவுத்தர் பர்மியத்திலேயே நிதானமாகச் சொன்னார். “கிளைய எடுத்தது நான். எடுத்தா உள்ள ஆளு இல்லேன்னு அர்த்தம். அவரு கணக்குல அவரு வந்த காட்டுல ஆளு இல்ல. அந்தப் பொய்யச் சொன்னது நான்தான்.”

சுடுமுன் சேவலின் தலையைப் பார்த்திருக்க வேண்டாமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நியாயமான கேள்விதான். “பாத்திருக்கணும். அத அவரு தெனமும் தனக்குத்தானே கேட்டுக்கிறுவாரு. நீங்க கேக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வழக்கு நிற்கவில்லை. சில மாதங்களில் துப்பாக்கியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சுல்தான் அண்ணனோடு ஒரு வாரம் பேசவில்லை.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். ராவுத்தருக்கு மட்டும் முடியவில்லை. கோ பாமாங் காட்டுக்கு வருவதையே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அவருடைய இடம் காலியாக வந்தது. ராவுத்தர் ஒற்றைக் கண்ணோடு மறுபடி வர ஆரம்பித்தபோது முதலில் கேட்டது அவரைத்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, குதிரை வண்டி பிடித்து தின்கன்ஜூன் போவார். “நாளைக்குக் காட்டுக்கு வாரீகளா?” என்று கேட்பார். கோ பாமாங் தேநீர் கொடுத்து உபசரித்து, “இந்த வாரம் இல்லை, அகோ” என்பார். இரண்டு வருஷம் இது நடந்தது. மழையிலும் போனார், ரம்ஜான் நோன்பிலும் போனார். விட்டுத் தொலையுங்களேன் என்று நான் ஒரு நாள் எரிந்து விழுந்தேன். “என் புண்ணு ஆறிப்போச்சு சிதம்பரம். அந்த மனுசனுக்கு ஆறல. அவரு துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு நம்ம கூட ஒரு தடவ நடந்துட்டாருன்னா எனக்குப் போதும்” என்றார். இந்த உலகத்தில் அவர் வேண்டி நின்றது அது ஒன்றைத்தான் என்று எனக்குத் தோன்றும்.

இறப்பதற்கு முந்தின சனிக்கிழமை அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். லான்மடாவில் உள்ள என் வீட்டிலிருந்து பார்க்கப் போன என்னிடம், “இன்னைக்கு என்னால முடியாது. நீங்க போயிக் கேட்டுட்டு வாங்க” என்றார். போனேன். கோ பாமாங் தேநீரை என் முன் வைத்தார். பிறகு, “அகோவுக்கு முதலில் உடம்பு தேறட்டும். அடுத்த வாரம் பார்க்கலாம்” என்றார். திரும்பி வந்து அதைச் சொன்னதும் ராவுத்தர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “பாக்கலாம்னா சொன்னாரு? இதுவரைக்கும் அப்பிடிச் சொன்னதே இல்லியே! அவரு வாயாலயா சொன்னாரு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அத்தனை சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. உயிரோடு பார்த்ததும் அதுவே கடைசி.

மையவாடியில் அடக்கத்தின்போது நீங்களும் இருந்தீர்கள். வாசலுக்கு வெளியே, மரத்தடியில், தலையில் சுற்றிய துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு கோ பாமாங் நின்றதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வர அவருக்குத் துணிச்சல் இல்லை. நாமும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது சுல்தான். குழியருகிலிருந்து எழுந்து, அத்தனை பேர் நடுவில் வாசலுக்கு நடந்து போய், “வாங்க, நீங்களும் மண்ணு போடணும்” என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார். கோ பாமாங் எல்லோரையும் போலவே மூன்று பிடி மண் போட்டார். அப்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறைக்க முயலவும் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவர் என்னிடம் வந்தார். “நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கே துப்பாக்கியை இறக்கி எண்ணெய் போட்டு வச்சேன். இந்த ஞாயிறு வர்றதாத்தான் இருந்தேன். நானே போய்க் காட்டுக்கு வர்றீங்களான்னு கேட்டா அகோ சிரிப்பாருன்னு நினைச்சேன்” என்றார். சற்று நின்று, “இன்னைக்கு மறுபடி சுவத்துல மாட்டிட்டேன். இனி யாருக்காக வர?” என்றார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காசிம் ராவுத்தரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், அவருடைய சனிக்கிழமையைத்தான் சொல்வேன். அடக்கம் முடிந்த அந்த வாரமே குதிரை வண்டி பிடித்து தின்கன்ஜூன் போனேன். பாதி இழைத்த சக்கரத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு கோ பாமாங் தேநீர் கொண்டு வந்தார். நாளைக்குக் காட்டுக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். சுவரில் இருந்த துப்பாக்கியை ஒரு தடவை பார்த்தார். “இந்த வாரம் இல்லை” என்றார். சரி என்று தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். வருகிற சனிக்கிழமையும் போவேன். உங்களில் யாருக்காவது வர மனமிருந்தால் வண்டியில் இடம் இருக்கிறது.